பிள்ளைக்குக் கலண்டர் தெரியாது

நடுவர் ஐயா அவர்களுக்கும், பொங்கல் வேலைகளை முடித்துவிட்டு இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாமார், ஐயாமார், அக்கா தங்கச்சிமாருக்கும், முன்னால் பாயில் உட்கார்ந்து ஒருவர் சட்டையை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

சின்னப் பிள்ளை வளரும் வீட்டில் பெரிய மகிழ்ச்சி தருவது விசேஷ நாளா, சாதாரண நாளா? இதுதான் தலைப்பு. நான் சாதாரண நாளுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் தீபாவளியைச் சொன்னார், தேர்த் திருவிழாவைச் சொன்னார், முதலாம் பிறந்தநாள் கேக்கைச் சொன்னார். "உழைக்கிற சனத்துக்கு வருஷத்தில் நாலு நாள்தான் சிரிப்பு, அதையும் பிடுங்காதீர்கள்" என்று கேட்டார். அவருக்குப் பிறகு வந்த தங்கச்சி ஏப்ரல் மாதத்து நுவரெலியாவுக்கும், தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் நம் எல்லோரையும் கூட்டிப்போய் வந்தார். மூன்றாவதாகப் பேசிய ஐயா கேட்ட கேள்விதான் கனமானது. "பதினெட்டு கிலோ, இருபது கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு இடுப்பு நிமிராமல் வருகிற தாயிடம் போய், பிள்ளையின் சிரிப்பைப் பார் என்று சொல்வீர்களா?" என்றார். அவருக்கு நிச்சயம் பதில் சொல்வேன். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விசேஷ நாள் வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் பானை பொங்கி வழிந்தபோது என் இடுப்பில் இருந்த மகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதைக் கேட்டு எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் இன்றைக்கு விசேஷம் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கலண்டர் தெரியாது. நாம் சொல்லாத நாட்களில் அது தானாகவே ஒரு விசேஷத்தைக் கண்டுபிடித்துவிடும். அதைப் பார்க்க நாம் அங்கே இருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

என் வீட்டுக் காலையையே சொல்கிறேன். தை மாதத்து விடியற்காலை நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளத்துப் புல்லில் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். மகள் எழுந்து வாசல் இஸ்தோப்புக்கு வந்து நின்று, வாயைத் திறந்து ஊதுவாள். புகை வரும். "அம்மா, என் வயித்துல அடுப்பு எரியுது" என்பாள். நேற்றும் சொன்னாள், முந்தாநாளும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது புதுச் செய்தி. நானும் ஒவ்வொரு நாளும் போய் அவள் வயிற்றில் கை வைத்துச் சுடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்புறம் ரொட்டிக்கு மாவு பிசைவேன். அவளுக்கு ஒரு கிள்ளு மாவு கொடுத்தே ஆக வேண்டும். அதை உருட்டி, தட்டி, மறுபடியும் உருட்டி, விரலில் உள்ளது எல்லாம் ஏறி மாவு சாம்பல் நிறமாகிவிடும். அதையும் கல்லில் போட்டுச் சுட்டுத் தர வேண்டும். சுட்டுத் தந்தால் அவள் சாப்பிட மாட்டாள், அம்மாயிக்கு ஊட்டுவாள். என் அம்மாவும் வாயைத் திறந்து வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மென்று விழுங்குவார்.

இதில் விசேஷம் என்ன இருக்கிறது என்று எதிரணி கேட்கலாம். காசு செலவில்லை, போட்டோ இல்லை, விருந்தாளி இல்லை. ஆனால் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறோம். நாங்கள் மூன்று பேரும் இப்படி நிம்மதியாகச் சிரித்த ஒரு தீபாவளி எனக்கு நினைவில்லை. தீபாவளியன்று நாங்கள் பெண்கள் எங்கே இருந்தோம்? பலகாரச் சட்டிக்கு முன்னால்.

எங்கள் வரிசை வீடான லயத்திலிருந்து, வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்கு நான் தனியாக நடந்தால் ஐந்து நிமிடம். மகளோடு நடந்தால் அதற்குக் கணக்கே கிடையாது. பாதையோரக் கானில் தண்ணீர் ஓடினால் நிற்க வேண்டும். இலை ஒன்றைப் போட்டு, அது அடுத்த வளைவு வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பாதை ஓரத்தில் கவ்வாத்து வெட்டுப் படாமல் மரமாகவே வளர்ந்துவிட்ட பழைய தேயிலைச் செடிகள் இருக்கின்றன. அவற்றில் வெள்ளைப் பூ பூத்து, காய் வெடித்து, விதை கீழே கொட்டிக் கிடக்கும். அந்த விதைகளைப் பொறுக்கி எண்ணுவாள். "ஒன்னு, ரெண்டு, அஞ்சு, பத்து." எண்ணி முடித்ததும் என் கைப்பைக்குள் போடுவாள். நான் முன்பள்ளி ஆசிரியை. வகுப்பில் பேனை எடுக்கப் பைக்குள் கை விட்டால் தேயிலை விதை வரும். அந்த நேரம் என் முகத்தில் வருகிற சிரிப்பைப் பார்த்து, "டீச்சர் ஏன் சிரிக்கிறீங்க?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்தத் தேயிலை நம் வீட்டுப் பெண்களின் முதுகை வளைத்திருக்கிறது. அதே தேயிலையின் விதை ஒரு பிள்ளைக்குப் பொக்கிஷம். எனக்கு அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை நுவரெலியா மலர்க் கண்காட்சி தந்ததில்லை.

தங்கச்சி சொன்ன அந்தப் பாலத்துக்கு நாங்களும் போனோம். 1921இல் கட்டி முடித்த பாலம், இரும்பே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது. பெரியவர்கள் வாய் பிளந்து பார்க்க வேண்டிய வேலைதான். மகளுக்கும் பிடித்தது. ஆனால் அந்தப் பயணத்திலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டிருப்பது பாலத்தை அல்ல. பட்டிப்பொளை தாண்டி ரயில் குகைக்குள் புகுந்ததும் பெட்டி இருண்டு போகும், எல்லோரும் "ஊ" என்று கத்துவார்கள், மறுபடியும் வெளிச்சம் வரும். "ராத்திரி வந்துச்சும்மா, போயிருச்சும்மா!" இப்போது வீட்டில் போர்வைக்குள் புகுந்து தினமும் அந்த ராத்திரியை வரவைக்கிறாள். எதிரணி கொண்டுபோன பயணத்திலும் பிள்ளை தேடி எடுத்தது எங்கள் பக்கத்துச் சாமானைத்தான் ஐயா.

நடுவர் ஐயா தமிழ் படித்தவர். ஆகவே பிள்ளைத்தமிழை நான் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். கடவுளையும் அரசனையும் குழந்தையாக வைத்துப் பாட நம் புலவர்கள் பத்துப் பருவங்களை வகுத்தார்கள். மகிழ்ச்சிக்கு விசேஷ நாள்தான் பெரிது என்றால் அவர்கள் எதைத் தேர்ந்திருக்க வேண்டும்? பெயர் சூட்டு விழாவை, காதுகுத்தை, முடிசூட்டை. அப்படியா செய்தார்கள்? ஐந்தாம் மாதத்தில் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறதே, அது செங்கீரை. தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவது தால். ஒன்பதாம் மாதத்தில் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. அப்புறம் ஒரு முத்தம் கேட்பது. தத்தித் தத்தி நடந்து வா என்று கூப்பிடுவது. நிலாவைக் காட்டி, இவளோடு விளையாட வா என்று அழைப்பது. மண்ணில் கட்டிய சின்ன வீடு, சின்னப் பறை, சின்னத் தேர்.

இதில் எதற்கு நாள் பார்க்க வேண்டும்? எதற்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டும்? முருகனே ஆனாலும், மீனாட்சியே ஆனாலும், அவர்களைப் பிள்ளையாகக் கண்ட புலவன் போய் நின்ற இடம் ஒரு சாதாரண வீட்டின் சாதாரணப் பொழுது. தவழ்ந்தால் பாட்டு, கை தட்டினால் பாட்டு. நம் கிளினிக் கொப்பியிலும் இதேதான் இருக்கிறது. தலை நிமிர்த்துகிறதா, உட்காருகிறதா, நடக்கிறதா என்று மிட்வைஃப் அம்மா கேட்டுக் குறிக்கிறார். புலவர்களும் மிட்வைஃப் அம்மாவும் ஒரே இடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, இப்போது அண்ணன் சொன்ன தீபாவளிக்கு வருகிறேன். தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் தருகிறார்கள். புதுச் சட்டை, வெடி, பலகாரம், இறைச்சி. அன்றைக்குப் பிள்ளையின் முகம் பூக்கிறது, உண்மை. அடுத்த மாதத்திலிருந்து சம்பளத் துண்டில் அந்த முற்பணம் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்படுகிறது. அந்த மாதங்களில் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு நாள் மகிழ்ச்சிக்குப் பல மாதம் முகம் சுளித்திருக்கிறோம். அந்தப் பல மாதமும் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முகம் என்று சொன்னதும் ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர், தாயும் கைக்குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் படம் பிடித்தார். பிறகு தாயிடம், சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருங்கள் என்றார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கை நீட்டிப் பார்த்தது, சத்தம் போட்டுப் பார்த்தது. எதற்கும் பதில் வரவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அழுதது. அந்தத் தாய் அதே அறையில்தான் இருந்தார், குழந்தைக்குப் பக்கத்திலேயே இருந்தார். போன் திரையில் கண்ணை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாம் எல்லோரும் யோசிக்க வேண்டிய படம் இது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் திரை பார்ப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டல் தந்தது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரைக்கும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. மிச்ச நேரம் முழுவதும் பிள்ளை நம்மிடம்தான் வரும்.

"பிள்ளைக்கு ஞாபகம் இருக்கப்போவது விசேஷ நாள்தானே" என்று அண்ணன் இடையில் ஒரு வார்த்தை விட்டார். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. கடன் வாங்கிக் கொண்டாடிய முதலாம் பிறந்தநாள் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. கானில் விட்ட இலையும் ஞாபகம் இருக்காது, அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கானுக்குப் பக்கத்தில் நின்று நானும் அவளும் பேசிய பேச்சில்தான் அவளுக்குத் தமிழ் வந்தது. "ஓடுது, நிக்குது, முட்டிக்கிச்சு, அம்மா தள்ளிவிடு." அது மறக்காது. கூப்பிட்டால் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்ற நம்பிக்கையும் அங்கேதான் வந்தது.

இப்போது இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். "வெளியூரில் உழைக்கிற தகப்பனுக்கு விசேஷ நாள்தான் பிள்ளையின் நாள்" என்று எதிரணி சொன்னது. அவர் போனில் என்ன கேட்பார் தெரியுமா? கேக் வாங்கலாமா என்று கேட்க மாட்டார். "இன்னைக்கு என்ன சொன்னா? சோறு தின்னாளா? எப்பத் தூங்கினா?" இதைத்தான் கேட்பார். போன தீபாவளிக்கு வந்தார். வெடியை மச்சான்மார் கொளுத்தட்டும் என்று விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெந்நீர் வாளியோடு, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போனார். அவள் "முதல்ல காலு, அப்புறம் கை, தலை கடைசி" என்று உத்தரவு போட்டாள். அந்த வரிசை எனக்குத் தெரியும், அம்மாயிக்குத் தெரியும், பிள்ளைக்காம்பரா ஆயாவுக்குக்கூடத் தெரியும். அவருக்குத் தெரியாது. தலையில் முதலில் ஊற்றிவிட்டார். அவள் கத்திய கத்தலில் லயமே எட்டிப் பார்த்தது. துவட்டிக் கூட்டி வந்தவர் என்னிடம் சொன்னார்: "நான் இல்லாதப்ப இவளுக்கு எவ்வளவு பழக்கம் வந்திருக்கு." அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாளும் அவரே குளிப்பாட்டினார். வரிசை தப்பவில்லை. லீவு கெஞ்சி வாங்கி, ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த மனிதர் வந்தது இந்த ஒரு வாளித் தண்ணீருக்காகத்தான் நடுவர் ஐயா. அரபு நாட்டுக்குப் போன நம் பெண்களைக் கேளுங்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவர்கள் அங்கிருந்தே காசு அனுப்பி கேக் வெட்ட வைக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னிவிட முடியவில்லையே என்றுதான் போனில் அழுகிறார்கள். விசேஷ நாளைக் காசு அனுப்பிச் சமாளிக்கலாம். பின்னலை யாரிடம் சொல்லி அனுப்புவது?

மூன்றாவதாகப் பேசிய ஐயாவுக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். ஐயா, நான் கொழுந்து எடுத்த தாயின் மகள். மலையிலிருந்து இறங்கி வருகிற என் அம்மாவுக்கு இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கக்கூடத் தெம்பு இருக்காது. அவரிடம் போய், சிரி, பிள்ளையை ரசி என்று யாரும் பாடம் நடத்தக் கூடாது. வறுமையை மூடி வைக்கப் பிள்ளையின் சிரிப்பைப் போர்வையாக்குவதை நானும் வெறுக்கிறேன். ஆனால் அம்மா எனக்குச் சொன்ன ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் அவருக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

நம் நாட்டில் 1939ஆம் ஆண்டிலிருந்தே மகப்பேற்று நன்மைச் சட்டம் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை இடைவேளை கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். வேலை கொடுப்பவர் பிள்ளைக்காம்பரா வைத்திருந்தால் அரை அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா அந்த அரை மணி நேரத்துக்கு மலையிலிருந்து ஓடி வருவாராம். கையில் கொழுந்துச் சாயம் கறுத்திருக்கும். கழுவினாலும் போகாது. நான் பால் குடித்துக்கொண்டே அந்தக் கறுத்த விரலைப் பிடித்துக்கொள்வேனாம். விட மாட்டேனாம். "அந்த அரை மணித்தியாலம்தான்டி எனக்கு அந்த நாள்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். என் பேர் வைத்த விழாவைப் பற்றிக் கேட்டால், யார் யார் வந்தார்கள் என்றுகூட அவருக்குச் சரியாக நினைவில்லை.

ஆகவே ஐயா, களைத்த தாயிடம் போய் ரசி என்று சொல்ல நான் வரவில்லை. அவளுக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். எங்கள் அணியின் பேச்சு வறுமைக்குச் சமாதானம் சொல்கிற பேச்சு இல்லை, இது ஒரு கோரிக்கை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவுக்குள் பிள்ளை எங்கே ஓடும்? அதற்கு ஒரு முற்றம் வேண்டும். பிள்ளைக்காம்பராவில் விளையாட்டுச் சாமானும் பிள்ளையோடு பேசுகிற ஆயாவும் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்று எழுதி வைத்திருக்கிறது. 1991இல் இலங்கையும் அதை ஏற்றது. தகப்பன் கொழும்புக்கு ஓடாமல் ஊரோடு பிழைக்க ஒரு வேலை வேண்டும். விசேஷ நாள்தான் மகிழ்ச்சி என்று நாம் ஒத்துக்கொண்டால், "அதுதான் உங்களுக்கு முற்பணமும் லீவும் தந்தோமே" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மிச்சம் முந்நூற்றுச் சொச்ச நாளையும் நாம் யாரிடம் போய்க் கேட்பது?

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எனக்குப் பிறகு எதிரணித் தலைவர் பேச வருகிறார். அவர் பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள், ஒரு மகன் வெளிநாட்டில் இருக்கிறார். ஐயா, உங்கள் மகன் மூன்று வயதாக இருந்த காலத்திலிருந்து ஒரே ஒரு நாளைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னால் எந்த நாளைக் கேட்பீர்கள்? பந்தல் போட்டு, நாற்பது பேருக்கு இலை போட்டு, அவன் யார் யார் கையிலோ மாறிக்கொண்டிருந்த பிறந்தநாளையா? இல்லை, மழை பெய்து வேலை இல்லாமல், அவன் உங்கள் முதுகில் ஏறிக் காம்பராவைச் சுற்றிவந்த ஒரு சும்மா செவ்வாய்க்கிழமையையா? மேடைக்கு வந்ததும் முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். நடுவர் ஐயா அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.